முதல் வகுப்புக்குப் பத்து டாலர்

1966 ஜனவரி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹனோவர் என்றொரு மாவட்டம். அங்கே கல்வி வாரிய உறுப்பினராக இருந்த ஒரு டாக்டர், தன் மகன் படித்துக்கொண்டிருந்த நாவலை வாங்கிப் புரட்டினார். பகீரென்றது. பலாத்கார வழக்கு பற்றிய கதையா பிள்ளைகளுக்கு? 'ஒழுக்கக்கேடான புத்தகம்' என்று முத்திரை குத்தி, பள்ளி நூலகங்களிலிருந்து அதை எடுக்கச் சொல்லிவிட்டது வாரியம்.

புத்தகம், ஹார்ப்பர் லீ 1960-ல் எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்டு'. மறு வருஷமே புலிட்சர் பரிசு வாங்கிய நாவல்!

அப்படி என்னதான் கதை? 1930-களின் அலபாமா. செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கிறார் ஒரு கறுப்பினத்தவர். அவருக்காக வாதாடுகிறார் ஒரு வெள்ளைக்கார வக்கீல். கதையைச் சொல்வது வக்கீலின் மகள் ஸ்கவுட். ஆரம்பத்தில் அவளுக்கு ஆறு வயசுகூட நிரம்பவில்லை.

ஒரு ராத்திரி, கைதியை அடித்துக் கொல்ல ஜெயில் வாசலுக்கு ஒரு கும்பல் வருகிறது. வாசலில் காவலுக்கு அப்பா மட்டும். ஓடிவந்த ஸ்கவுட், கும்பலில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிடுகிறாள். தன்னோடு படிக்கும் பையனின் அப்பா! அவரிடம் மகனைப் பற்றி வெள்ளந்தியாக விசாரிக்க ஆரம்பிக்கிறாள். வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்றே குழந்தைக்குத் தெரியாது. மனுஷர் கூனிக்குறுகி, ஆட்களைத் திரட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார். (பெரியவர் யாராவது பேசியிருந்தால் உதைதான் விழுந்திருக்கும்.) ஆனால், கோர்ட்டில் ஜூரி மசியவில்லை. 'குற்றவாளி' என்றே தீர்ப்பு. நாவல் தேவதைக் கதையாகாமல் தப்பித்தது இங்கேதான்.

இதிலா ஒழுக்கக்கேடு? அதே வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில், கறுப்புக் குழந்தைகளை வெள்ளைக் குழந்தைகளோடு உட்காரவைக்க மனசில்லாமல், அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடியிருந்தார்கள். 1959 முதல் 1964 வரை, ஐந்து வருஷம்! வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தாயிற்று. கறுப்புக் குழந்தைகள் பலருக்குப் படிப்பே போனது.

ஹனோவர் தடையைக் கிண்டலடித்தது ரிச்மண்ட் நகரின் 'நியூஸ் லீடர்' தினசரி. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் கில்பாட்ரிக் இனப் பிரிவினைக்காகவே பேனா பிடித்தவர். அவரே ஒரு நிதி திரட்டி, கேட்ட மாணவர்களுக்கு நாவலை இலவசமாகக் கொடுத்தார். பத்திரிகை உலகில் இப்படியும் நடக்கும்!

அந்தப் பத்திரிகைக்கு ஹார்ப்பர் லீயிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடவே பத்து டாலர் நன்கொடை. என்ன செலவில் எழுதுவது என்றும் அவரே சொல்லியிருந்தார்: வாரிய உறுப்பினர்களை ஏதாவது பள்ளியில் முதல் வகுப்பில் சேர்க்க!

நாவலில் ஸ்கவுட்டும் முதல் வகுப்பில் சேருகிறாள். சேர்ந்த அன்றைக்கே டீச்சரிடம் திட்டு. அவளுக்கு ஏற்கெனவே படிக்கத் தெரிந்திருந்தது.