கனரா நீதிபதி பார்த்த முகங்கள்

மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை எப்படி வெளிக்காட்டுகிறார்கள் என்று டார்வின் 1872இல் எழுதிய நூலின் முன்னுரையில் நன்றிப் பட்டியல் ஒன்று உண்டு. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் ஸ்காட், இலங்கையின் கிளெனி பாதிரியார் ஆகியோருக்கு முன்பே, 'கனராவில் நீதிபதியாக இருக்கும் மிஸ்டர் வெஸ்ட்' வருகிறார். பெங்களூரில் உட்கார்ந்து இதைப் படிக்கிற நான் அந்தப் பெயரை விடுவேனா?

எந்தக் கனரா என்பதுதான் முதல் சிக்கல். தென் கனரா சென்னை மாகாணத்திலேயே தங்கிவிட்டது. வட கனரா 1862இல் பம்பாய்க்குப் போனது. டார்வினுக்காக வெஸ்டிடம் கேட்டுச் சொன்ன எர்ஸ்கின் பம்பாய் மாகாணத்து அகமத்நகரில் இருந்தவர். ஆகவே இது வட கனரா, கார்வார் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். மைசூர் அரசுக் காகிதங்கள் குவிந்திருக்கும் பெங்களூர் ஆவணக் காப்பகத்தில் அவரைத் தேடிப் பயனில்லை. தடம் மும்பைக்குத் திரும்புகிறது.

இப்படிப்பட்டவர்களிடம் டார்வின் 1867இல் சுற்றுக்கு விட்ட தாளில் 16 கேள்விகள். வியப்பில் புருவம் உயர்கிறதா, வெட்கத்தில் வரும் சிவப்பு உடம்பில் எதுவரை இறங்குகிறது என்றெல்லாம் கேட்டார். எர்ஸ்கினால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஐரோப்பியர் எதிரில் இங்குள்ளவர்கள் எந்த உணர்ச்சியையும் காட்டாமல் மறைப்பது வழக்கம் என்று அவர் சொன்ன காரணத்தை டார்வின் பதிவுசெய்திருக்கிறார். எனக்கு அந்த நூலிலேயே முக்கியமான வரி இதுதான். துரை முன்னால் முகத்தைக் கல்லாக்கிக்கொள்ளத் தெரிந்தவர்களிடம் போய், அதுவும் கச்சேரி மேடையில் இருந்து தண்டனை விதிக்கும் ஒரு நீதிபதியை வைத்து, அச்சம் எப்படித் தெரிகிறது என்று விசாரித்திருக்கிறார்கள்!

புகைப்படமாவது கிடைக்குமா? கேமரா இங்கே வராமல் இல்லை. சென்னை அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் 1857இல் பெங்களூரில்தான் தளம் அமைத்தார். ஆனால் அவர் கண் கோயில்கள் மேலும் கோட்டைகள் மேலும். மெழுகுத் தாள் நெகடிவுக்கு அசையாத கல்லே தோது. 1868இல் தொடங்கி எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' வரிசையில் முகங்கள் ஏராளம், எல்லாம் சாதி, குல மாதிரிகளாக விறைத்து நிற்பவை. டார்வினின் நூலிலோ இந்திய முகம் ஒன்றின் புகைப்படம்கூட இல்லை. பிரான்சின் டுஷேன் முகத்தசைகளில் மின்சாரம் பாய்ச்சி எடுத்த படங்களும், லண்டன் ஸ்டூடியோக்காரர் ரெய்லாண்டரின் படங்களும் இருக்கின்றன. அருவருப்பு காட்ட ரெய்லாண்டர் தானே நடித்திருக்கிறார்.

தேடல் பெங்களூருக்குத் திரும்பியது இங்குள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில். மேலைநாட்டு முகங்களைக் காட்டி இங்குள்ள மனநோயாளிகள் உணர்ச்சியை அடையாளம் காண்கிறார்களா என்று சோதிப்பது பொருந்தாது என்று அங்குள்ள மருத்துவர்கள் இந்திய முகங்களால் ஒரு சோதனைக் கருவி செய்து 2008இல் வெளியிட்டார்கள். 52 நிழற்படங்கள், 28 காணொளிகள். முகம் தந்தவர்கள் நான்கு பேர், நால்வருமே நடிகர்கள். 1872க்குப் பிறகும் அந்த ஒரு விஷயத்தில் வழி மாறவில்லை.