வியட்நாம் பொருளாதாரம்

பொதுவுடைமைக் கட்சி ஆளும் வியட்நாமின் பொருளாதாரம், 1986இல் அக்கட்சியின் ஆறாவது மாநாடு அறிவித்த ‘தோய் மோய்’ சீர்திருத்தத்தால் திசை மாறியது. கூட்டுப்பண்ணை நிலம் உழவர் குடும்பங்களின் கைக்கு வந்தது; அரிசிக்குத் திண்டாடிய நாடு 1989இல் பெருமளவில் ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. இன்று பாக் நின், தாய் நுயென் மாகாணங்களின் சாம்சங் ஆலைகள் உலகுக்குக் கைப்பேசி அனுப்புகின்றன.

பலவீனமும் அங்கேதான். உதிரிபாகங்கள் பெரும்பாலும் சீனா, தென்கொரியாவிலிருந்து வருகின்றன. மிகப்பெரிய சந்தையோ அமெரிக்கா. 2023 கோடையில் வடக்கே நீர்மின் அணைகள் வற்ற, மின்வெட்டில் ஆலைகள் முடங்கின.

உதிரிபாகம் தரும் அதே சீனாவோடு 1979இல் போர் நடந்தது. தென்சீனக் கடலின் பாரசெல் தீவுகள் குறித்து அதனுடனான பூசல் இன்னும் தீரவில்லை. 1995இல் அமெரிக்காவுடன் தூதரக உறவு, ஆசியான் உறுப்புரிமை இரண்டும் கைகூடின. எவரோடும் இராணுவக் கூட்டணி வேண்டாம் என்பது வியட்நாமின் மதிநுட்பமான கொள்கை. அந்நாட்டு முதலீடும் எல்லை தாண்டுகிறது: வியட்நாமிய நிறுவனமான வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலையைத் திறந்தது.