பாட்டு ஓடுது, பங்கு எங்கே?

இந்தியாவின் முதல் தனியார் எஃப்.எம். வானொலி எந்த ஊரில் தொடங்கியது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் பம்பாய் என்பார்கள். இல்லீங்க, நம்ம பெங்களூர்தான். 2001 ஜூலை 3ஆம் தேதி ரேடியோ சிட்டி இங்கேதான் ஒலிபரப்பைத் தொடங்கியது. நான் பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. சில்க் போர்டு சிக்னலில் ஆயுசில் பாதியைக் கழிக்கும் என் போன்ற ஆசாமிகளுக்கு எஃப்.எம். செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

நாள் முழுக்கப் பாட்டு, நடுநடுவே விளம்பரம். வானொலிக்குச் சோறு போடுவது விளம்பரம். விளம்பரத்துக்கு ஆள் சேர்ப்பது பாட்டு. அப்படியானால் அந்தப் பாட்டை எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் இதில் என்ன கிடைக்கிறது? இந்தச் சின்னக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்க நம் நாட்டில் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தக் கதையின் பின்பாதியில் இதே ரேடியோ சிட்டி வருகிறது.

(டிஸ்கி: 'காப்புரிமை' என்று எழுதினால் பாதிப் பேர் பேடண்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் இந்தப் பதிவு முழுக்கக் காப்பிரைட் என்றே எழுதுகிறேன். தமிழறிஞர்கள் மன்னிக்கவும்.)

முதலில் ஒரு பாரிஸ் கதை. 1847ல் எர்னெஸ்ட் பூர்ஜே என்ற பாடல்காரர் அங்கே ஒரு பிரபலமான கபேயில் உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேடையில் அவருடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பில் வந்தது. "என் பாட்டுக்கு நீ காசு கொடுக்கவில்லை, உன் தண்ணீருக்கு நான் ஏன் கொடுக்கணும்?" என்கிற ரீதியில் மறுத்துவிட்டார். விவகாரம் கோர்ட்டுக்குப் போய் பூர்ஜே ஜெயித்தார். ஆனால் ஒரு மனுஷன் ஊரில் இருக்கிற எல்லா கபேக்கும் போய் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் 1851ல் பாட்டுக்காரர்கள் சேர்ந்து சாசெம் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பாட்டு எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் வசூலித்து, உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை. அது இன்றைக்கும் நடக்கிறது.

நம் நாட்டில் அதே மாதிரி சங்கம் 1969ல் வந்தது. ஐ.பி.ஆர்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வந்த வேகத்தில் பேப்பரில் கட்டண விவரத்தை வெளியிட்டார்கள். தியேட்டரோ ஓட்டலோ, பாட்டுப் போட்டால் இவ்வளவு கட்டணும் என்று. சினிமா தயாரிப்பாளர்கள் பொங்கி எழுந்தார்கள். பாட்டுக்குப் பணம் கொடுத்து வாங்கியாச்சு, இன்னும் என்ன பங்கு? காப்பிரைட் போர்டு சங்கத்தின் பக்கம் நின்றது. கல்கத்தா உயர் நீதிமன்றம் தயாரிப்பாளர் பக்கம் சாய்ந்தது. கடைசியில் 1977 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

எதை வைத்து? 1957 காப்பிரைட் சட்டத்தின் 17ஆம் பிரிவு. தயாரிப்பாளர் காசு கொடுத்து, அவர் கேட்டு எடுக்கப்பட்ட சினிமாவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். அந்தப் படத்துக்காக எழுதிய பாட்டுக்கும் போட்ட மெட்டுக்கும் இதுதான் விதி என்றது கோர்ட். 'வேறு மாதிரி ஒப்பந்தம்' போடுகிற தைரியம் எத்தனை பாட்டாசிரியருக்கு இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே 17ஆம் பிரிவில் இன்னொரு உட்பிரிவு இருக்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலையில் படைப்பது முதலாளிக்குச் சொந்தம். எலெக்ட்ரானிக் சிட்டியிலும் மான்யதா டெக் பார்க்கிலும் கோட் எழுதும் லட்சக்கணக்கான பேர் இந்த உட்பிரிவுக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், நானும்தான். சட்டத்தின் கண்ணுக்கு கம்ப்யூட்டர் புரோகிராமும் கவிதையும் ஒரே சாதி, இரண்டுமே 'இலக்கியப் படைப்பு'! (என் கோடைப் பார்த்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள்.) ஆனால் எனக்கு மாசம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., வருஷம் ஒரு இன்க்ரிமெண்ட். பாட்டாசிரியருக்கு ஒரு பாட்டுக்கு ஒரு தடவை ஒரு தொகை, அவ்வளவுதான். படம் ஓடி ஓய்ந்து முப்பது வருஷம் கழித்தும் பாட்டு ஓடும். எழுதினவரின் மனைவி மருந்துக்கு என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. இருவரையும் ஒரே பிரிவில் அடைத்ததை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

1977 தீர்ப்பில் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. பெஞ்சில் இருந்த வி.ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்பை ஒப்புக்கொண்டுவிட்டு, தன் பங்குக்கு ஒரு அடிக்குறிப்பு சேர்த்தார். எழுதி வைத்த ஸ்வரத்துக்குத்தான் சட்டம் உரிமை தருகிறது, பாடுகிறவருக்கு ஒன்றுமே இல்லை. பாடும் குரலில்தான் உயிர் இருக்கிறது என்று நம்புகிற நாட்டுக்கு இது பொருந்துமா, பாராளுமன்றம் யோசிக்கட்டும் என்கிற பொருளில். பாராளுமன்றம் யோசித்தது. சாவகாசமாக. 1994 திருத்தத்தில்தான் மெட்டு எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை போனது, பாடகர் போன்ற நிகழ்த்துகலைஞர்களுக்கும் ஏதோ ஒரு உரிமை வந்தது. பாட்டாசிரியரின் பங்கு? அப்படியே கிடந்தது.

சரி, பெங்களூருக்கு வருவோம். எஃப்.எம். கம்பெனிகளுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. முதல் கட்ட ஏலத்தில் லைசென்ஸ் எடுத்தவர்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை வருஷா வருஷம் 15 சதவீதம் ஏறிக்கொண்டே போனது. விளம்பரம் அந்த வேகத்தில் ஏறவில்லை. 2005ல் இரண்டாம் கட்டம் வந்து, நுழைவுத்தொகை போக வருமானத்தில் 4 சதவீதம் என்று மாற்றிய பிறகுதான் மூச்சு விட்டார்கள். அரசுக்கு அடுத்தபடி கை நீட்டியது ஆடியோ கம்பெனிகள். அவர்கள் கணக்கு 'நீடில் ஹவர்', அதாவது கிராமபோன் ஊசி தட்டில் ஓடுகிற மணி நேரம். தட்டும் இல்லை, ஊசியும் இல்லை, கணக்கு மட்டும் மிச்சம்! வருஷக்கணக்கில் இழுத்த சண்டையில் 2010 ஆகஸ்டில் காப்பிரைட் போர்டு, விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் கொடுத்தால் போதும் என்று உத்தரவிட்டது.

கவனியுங்கள், இந்த 2 சதவீதம் ஒலிப்பதிவின் சொந்தக்காரருக்கு, அதாவது கம்பெனிக்கு. ஒரு பாட்டுக்குள் சட்டப்படி மூன்று உருப்படி இருக்கிறது: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. முதல் இரண்டுக்கும் தனியாகக் கொடு என்று ஐ.பி.ஆர்.எஸ். கேட்டது. ரேடியோ சிட்டியை நடத்தும் மியூசிக் பிராட்காஸ்ட் கம்பெனி முடியாது என்றது. 2011 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒலிப்பதிவுக்கு லைசென்ஸ் வாங்கிய வானொலி, வரிக்கும் மெட்டுக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ரேடியோவுக்கு வெற்றி.

இதே சமயத்தில் டெல்லியில் மசோதா ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. 2010 ஏப்ரலில் ராஜ்யசபாவில் அறிமுகமானது காப்பிரைட் திருத்த மசோதா. அதே வருஷம் நியமன உறுப்பினராக உள்ளே வந்தவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். தயாரிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. பத்துப் படத்தில் பெரும்பாலானவை கையைக் கடிக்கும், நஷ்டத்தில் பாட்டாசிரியர் பங்கு எடுப்பாரா, லாபத்தில் மட்டும் எதற்கு என்று கேட்டார்கள். கேள்வி சரிதான். ஆனால் நஷ்டப்பட்ட படத்தின் பாட்டும் முப்பது வருஷம் ஓடிக் காசு சம்பாதிக்கிறதே, அந்தக் காசு யாருடைய ரிஸ்க்குக்கான கூலி? எனக்கு இன்றுவரை அவர்கள் தரப்பில் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

2012 மே 17 ராஜ்யசபா, மே 22 லோக்சபா. இரண்டிலும் நிறைவேறி ஜூன் 21 முதல் அமலுக்கு வந்தது. சாரம் இதுதான்: சினிமாவுக்கு எழுதிய பாட்டின் காப்பிரைட்டைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஓடுவது தவிர மற்ற எல்லா உபயோகத்துக்கும் வரும் ராயல்டியில் சமபங்கு எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உண்டு. அந்தப் பங்கை அவர்கள் நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது, வாரிசுக்கோ அவர்களுடைய சங்கத்துக்கோ தவிர! எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வரிதான். இதை எழுதியவருக்கு நம் சினிமா ஆபீஸ்களில் ஒப்பந்தம் எப்படிக் கையெழுத்தாகும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. "இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து, அவ்ளோதான் கவிஞரே."

(2017ல் இளையராஜா எஸ்.பி.பி.க்கு அனுப்பிய நோட்டீஸ் பற்றி இணையத்தில் நடந்த குழாயடிச் சண்டை ஞாபகம் இருக்கும். அது அனுமதி இல்லாமல் மேடையில் பாடலாமா என்ற கேள்வி. இங்கே பேசுவது விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி பங்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சட்டம் வந்தாச்சு, காசு வந்ததா? அதுதான் இல்லை. பங்கைச் சங்கம் வழியாக வசூலிக்கணும். சங்கமோ எழுதினவர்களும் உரிமை வாங்கிய கம்பெனிகளும் நிர்வாகத்தில் சம எண்ணிக்கையில் இருக்கும்படி மாறி, மறுபடி பதிவு செய்யணும். ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் அந்தச் சண்டை தீர்ந்து மறுபதிவு கிடைத்தது 2017 நவம்பரில். ஐந்து வருஷத்துக்கு மேல் சட்டப் புத்தகத்தில் பங்கு இருந்தது, வாங்கிக் கொடுக்க ஒழுங்கான ஆள் இல்லை. இந்த இடைவெளியில் போய்ச் சேர்ந்த பழைய பாட்டாசிரியர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது. பதிவான பிறகு வசூல் ஏறிய வேகத்தைப் பாருங்கள், 2022-23ல் அது 500 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. யூடியூபும் பாட்டு ஆப்களும் வளர்ந்தது ஒரு காரணம்தான். ஆனால் கேட்பதற்கு ஆள் இருந்ததால்தானே வந்தது?

வானொலி மட்டும் மசியவில்லை. சட்டம் மாறினாலும் 2011 தீர்ப்பு செல்லும் என்றார்கள். மறுபடி அதே பம்பாய் உயர் நீதிமன்றம், எதிரில் ராஜஸ்தான் பத்திரிகாவும் நம்ம மியூசிக் பிராட்காஸ்ட்டும். 2023 ஏப்ரல் 28ல் நீதிபதி மனிஷ் பிதாலே சொன்னது: 2012க்குப் பிறகு நிலைமை வேறு, ஒலிப்பதிவை ஒலிபரப்பினால் வரிக்கும் மெட்டுக்கும் ராயல்டி கொடுத்தே ஆகணும். இடைக்கால உத்தரவுதான், ஆனாலும் 2011க்கு நேர் எதிர். அதே கோர்ட், அதே ரேடியோ, அதே சங்கம். நடுவில் மாறியது பாராளுமன்றம் சேர்த்த சில வரிகள் மட்டும்.

2022 நவம்பரில் இதே பெங்களூரில் ஒரு கூத்து நடந்தது. பாரத் ஜோடோ யாத்திரை வீடியோவில் 'கே.ஜி.எஃப். 2' பாட்டைப் போட்டார்கள் என்று எம்.ஆர்.டி. மியூசிக் வழக்குப் போட, இங்குள்ள வணிக நீதிமன்றம் காங்கிரஸ் கட்சியின் ட்விட்டர் கணக்கையே முடக்கச் சொன்னது. மறுநாளே கர்நாடக உயர் நீதிமன்றம், அந்தத் துண்டை மட்டும் எடுத்தால் போதும் என்ற நிபந்தனையோடு உத்தரவை ரத்து செய்தது. டிவியில் கட்சிக்காரர்கள் கத்தினார்கள், வக்கீல்கள் கத்தினார்கள். இசையமைத்த ரவி பஸ்ரூரை யாரும் பேசவே இல்லை. உரிமை கம்பெனியிடம், வழக்கும் கம்பெனியுடையது.

இவ்வளவு பழைய கதையை இப்போது கிளறக் காரணம் இருக்கிறது. 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவு மாடல்களைப் பயிற்றுவிக்கப் பாட்டு, புத்தகம், படம் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். படைத்தவர் கூடாது என்று சொல்ல முடியாது. பதிலுக்கு கம்பெனி ராயல்டி கட்டணும், அதை ஒரு பொது அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும். இதுதான் யோசனை. என் தொழில்காரர்களின் சங்கமான நாஸ்காம் குழுவிலேயே எதிர்ப்பைப் பதிவு செய்தது. அலுவலக கேண்டீனில் கேட்டால் எல்லோரும் நாஸ்காம் கட்சிதான்.

நான் அவ்வளவு சுலபமாக அந்தப் பக்கம் போக மாட்டேன். அதே சமயம் அறிக்கை கைதட்டலுக்குரியது என்றும் தோன்றவில்லை. ராயல்டி விகிதத்தை எப்படி நிர்ணயிப்பது என்பதற்கு அதில் நிறைய யோசித்திருக்கிறார்கள். என் கவலை வேறு. வசூலித்ததைப் பிரிக்க பேர் வேணுமே? உங்கள் போனில் இருக்கும் பாட்டு ஆப்பைத் திறந்து, 1960களில் வந்த ஒரு தமிழ்ப் பாட்டையோ கன்னடப் பாட்டையோ தேடிப் பாருங்கள். பாடகர் பெயர் இருக்கும். இசையமைப்பாளர் பெயரும் பெரும்பாலும் இருக்கும். எழுதினவர் பெயரை நான் போன வாரம் இருபது பாட்டில் தேடினேன், ஒன்பதில் இல்லை.