வீட்டுக் காய்கனித் தோட்டம்

வீட்டுக் காய்கனித் தோட்டம் என்பது ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காய்கறி, கீரை, பழங்களை வீட்டையொட்டிய இடத்திலேயே வளர்த்துக்கொள்ளும் அமைப்பு. தமிழகத்தில் இது கொல்லைத் தோட்டம், மேட்டுப்பாத்தி, மாடித்தோட்டம் என மூன்று வடிவங்களில் காணப்படுகிறது. இவற்றுள் எது பொருந்தும் என்பதை அங்கே விழும் வெயிலும், கிடைக்கும் தண்ணீரும், மாடியானால் தளம் தாங்கும் எடையும் தீர்மானிக்கின்றன.

வெயில்

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை போன்ற காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் தேவை. அதில் பாதியளவு வெயில் விழும் இடத்திலும் கீரை, புதினா, கொத்தமல்லி வளரும். பக்கத்துக் கட்டடத்தின் நிழல் மாதத்துக்கு மாதம் இடம் மாறுவதால், ஒரு நாள் மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்வது போதாது.

கொல்லைத் தோட்டம்

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் காய்கறி கிடைக்க ஏறத்தாழ 5 சென்ட், அதாவது 200 சதுர மீட்டர் நிலம் போதுமானது என்று கணக்கிடப்படுகிறது. முருங்கை, பப்பாளி, எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகிய பல்லாண்டுப் பயிர்களை ஓரமாக நட்டால் பாத்திகளில் நிழல் விழாது. குளியலறை நீர் செல்லும் வாய்க்காலோரம் வாழையும் சேம்பும் நன்றாக வரும். வேலியில் கோவையை ஏற்றலாம். பாகல், புடலை, பீர்க்கு, சுரைக்குப் பந்தல் தேவை. குப்பைக்குழிக்கு ஒரு மூலை போதும்.

மேட்டுப்பாத்தி

களிமண் நிலத்துக்கும் மழைநீர் தேங்கும் இடத்துக்கும் ஏற்றது இது. செங்கல் அல்லது பலகையால் கரை கட்டி, மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பப்படுகிறது. பாத்திக்குள் கால் வைக்காமல் இருபுறமும் நின்று களையெடுக்க வேண்டியிருப்பதால் அகலம் 4 அடியைத் தாண்டுவதில்லை.

மாடித்தோட்டம்

ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பயன்பாட்டுச் சுமை என்று ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரவிதி வகுத்துள்ளது. நனைந்த தோட்டமண்ணை 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினாலே இந்த அளவு தாண்டிவிடும். அதனால் மாடியில் மண்ணை நேரடியாகக் கொட்டாமல், குரோ பேக் எனப்படும் பைகளில் எடை குறைந்த கலவையை நிரப்புகிறார்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம பங்கு சேர்ப்பது பரவலான வழக்கம். ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பை, கலவை நிரம்பி நனைந்த நிலையில் ஏறத்தாழ 20 கிலோ எடை இருக்கும். சதுர மீட்டருக்கு நான்கு பைகள் வைத்தாலும் சுமை வரம்புக்குள் அடங்கும்.

கொய்யா, எலுமிச்சை, மாதுளை ஆகியவற்றைப் பெரிய டிரம்களில் வளர்க்கலாம். நிரம்பிய 200 லிட்டர் டிரம் 200 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், தூணுக்கோ சுவருக்கோ நேர்மேலே வைக்க வேண்டும். பழைய கட்டடமானால் பொறியாளரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பு. பைகளைச் செங்கல் மீதோ இரும்புத் தாங்கியிலோ தூக்கி வைத்தால், வடியும் நீர் தங்கித் தளம் ஊறுவது குறையும்.

தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. பைகள், நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரங்கள் ஆகியவை இத்தளையில் அடங்கும்.

பட்டமும் பராமரிப்பும்

ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் விதைப்புக்கு உகந்தவை. சித்திரை, வைகாசியில் பைகள் விரைவில் காய்ந்துவிடுவதால் நிழல்வலையும் இருவேளை நீரும் தேவைப்படும். வெளியூர் செல்ல நேரும் குடும்பங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் உதவும்.

தேனீ வரத்துக் குறைந்த உயரமான மாடிகளில் கொடிக்காய்கள் பூத்தும் பிஞ்சு பிடிக்காமல் உதிர்வதுண்டு. சுரை, பாகல், பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. பெண்பூவின் இதழ்களுக்குக் கீழே சிறு காய் போன்ற சூலகம் தெரியும். ஆண்பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே தடவிவிட்டால் பிஞ்சு நிற்கும். பூசணிக்கும் பாகலுக்கும் இதைக் காலையிலும், அந்தியில் மலரும் சுரைக்கு மாலையிலும் செய்ய வேண்டும்.