மதுரை ஆசிரியர் பார்த்த மராமத்து

மாலை நடைக்கு வரும் நண்பர்களின் பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஊரில் உள்ள பழைய வீட்டில் வந்து நிற்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சிலருக்கு அது தாத்தா கட்டி, அப்பா விட்டுப்போன வீடு. சிலர், பிளாட்டைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் புதுக்கோட்டைப் பக்கம் முற்றமும் திண்ணையும் வைத்த ஒரு வீட்டை வாங்கிச் சரிபண்ணிக்கொண்டு போய்விடலாமா என்று கணக்குப் போடுகிறவர்கள். இடித்துக் கட்டுவதா, இருப்பதைப் புதுப்பிப்பதா என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. நான் படித்தது பி.காம். ஆகவே பொறியாளர் வேலையில் தலையிடப் போவதில்லை. ஆனால் இதே கேள்வியை அன்னவாசல் வட்டாரத்தில் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சந்தித்திருக்கிறார். அவர் என்ன செய்தார் என்பது கல்லில் எழுதிக் கிடக்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் சாலையில் இருக்கிறது சித்தன்னவாசல். உங்களில் பலர் ஒரு முறையாவது போயிருப்பீர்கள். மலையின் மேற்குச் சரிவில் குடைந்த சமணக் குகைக்கோயிலுக்கு அறிவர் கோயில் என்று பெயர். கருவறையை அளந்தால் நம் பிளாட்டின் சிறிய படுக்கையறை அளவுதான் இருக்கும். அதற்கு முன்னால் ஓர் அர்த்தமண்டபம். இதை முதலில் குடைந்தது 7ஆம் நூற்றாண்டில். முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் செய்தது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். பாண்டியர் பணி என்பது பிற்கால அறிஞர்கள் பலரின் முடிவு.

நமக்கு வேண்டியது அதற்குப் பிந்திய கதை. முகப்பை ஒட்டிய பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, செய்யுள் நடையில். அவனிபசேகரன் என்ற பட்டம் கொண்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 815க்கும் 862க்கும் இடையில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அண்ணல்வாயில் அறிவர் கோயிலின் உள்மண்டபத்தைப் புதுப்பித்தார், முன்னால் ஒரு முகமண்டபமும் எடுத்தார் என்பது அதன் செய்தி. அந்த அண்ணல்வாயில்தான் இன்றைய அன்னவாசல். பழைய கட்டடத்தை வாங்கிச் சரிசெய்து முன்னால் ஒரு வராந்தாவும் போட்டுக்கொள்ளும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு வயது எவ்வளவு என்று பாருங்கள்!

இளங்கௌதமன் எதைத் தொட்டார், எதை விட்டார் என்பதைக் கவனியுங்கள். பாறைச் சுவரைச் செதுக்கிப் பெரிதாக்கவில்லை. கருவறையில் இருந்த தீர்த்தங்கரர் உருவங்களை மாற்றவில்லை. அங்கே மாறியது மேல்பூச்சு. பாறை மீது சுண்ணாம்புச் சாந்தை மெல்லியதாகப் பூசி, அதன் மேல் வண்ணம் தீட்டும் முறை சித்தன்னவாசலுடையது. அர்த்தமண்டப விதானத்தில் தாமரைக்குளமும், அதில் மீனும் வாத்தும் யானையும் எருமையும், பூப்பறிக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள் அல்லவா, அந்த ஓவியங்கள் பெரும்பாலும் இந்தப் புதுப்பிப்புக் காலத்தவை என்றே கருதப்படுகின்றன. அவற்றை 1916இல் வெளிவந்த புதுக்கோட்டை வரலாற்று நூலில் எஸ். ராதாகிருஷ்ண ஐயர் குறிப்பிட்டார். பிறகு து. அ. கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயும் வெளியுலகுக்குத் தெரியப்படுத்தினார்கள். அதற்கும் பின்னால் தொல்லியல் அறிஞர் கே. ஆர். சீனிவாசன் உற்றுப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. கருவறை விதானத்தில் ஒன்றல்ல, இரண்டு அடுக்குப் பூச்சு இருக்கிறது. கம்பளம் விரித்தாற்போன்ற பழைய கோலம் அடியில். பிற்காலப் பூச்சு மேலே. பழையதைச் சுரண்டி எறியாமல் அதன் மேலேயே பூசியதால்தான் இன்று நமக்கு இரண்டும் கிடைத்தன.

சரி, இளங்கௌதமன் புதிதாகச் சேர்த்த முகமண்டபம் என்ன ஆயிற்று? அது இடிந்துபோயிற்று. குடைந்த பழைய பகுதி அப்படியே நிற்க, முன்னால் சேர்த்துக் கட்டியதுதான் விழுந்தது. இன்று நீங்கள் பார்க்கும் முன்தாழ்வாரம் 20ஆம் நூற்றாண்டில் அமைத்தது. அதற்குத் தூண்கள் பக்கத்தில் உள்ள குடுமியான்மலையிலிருந்து வந்தன. அங்கே சிதைந்து கிடந்த மண்டபத்துத் தூண்கள். இது எனக்கு மிகவும் பிடித்த இடம். பழைய கட்டடத்துக்கு உதிரி உறுப்பு தேவைப்பட்டபோது, அதே வட்டாரத்தின் அதே கல்லில் செய்த பழைய உறுப்பையே தேடிப் பிடித்திருக்கிறார்கள். கூட்டிச் செய்தது என்று சொன்னால்தான் தெரியும்.

அன்னவாசலுக்குக் கிழக்கே நார்த்தாமலை. அங்கே மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் என்ற அழகான கற்றளி, வட்டமான கருவறையோடு நிற்கிறது. பெயரில்தான் சோழன், கட்டியவர் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் என்று கல்வெட்டு சொல்கிறது. அவர் எடுத்த கற்றளி மழையில் இடிந்து அழிந்ததால், மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைச் சீர்செய்தாராம். அதற்குக் கல்வெட்டு பயன்படுத்தும் சொல் ‘புதுக்கு’. இடித்தவன் எதிரி இல்லை, மழை! கருங்கல் கோயிலையே மழை இடித்திருக்கிறது என்றால் நம் செங்கல் சுவர் எம்மாத்திரம்?

இப்போது நீங்கள் வாங்க நினைக்கும் வீட்டுக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் 80, 100 வயதான மெத்தை வீடு என்றால் அதில் சிமென்ட் இருக்காது. நம் பக்கத்துக்குச் சிமென்ட் தாராளமாக வரத் தொடங்கியது, 1939இல் திருச்சிக்கு அந்தப் பக்கம் கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்த பிறகு என்று வைத்துக்கொள்ளலாம். (1953இல் பெயர் மாற்றப் போராட்டம் நடந்து, தண்டவாளத்தில் கலைஞர் படுத்தாரே, அதே கல்லக்குடிதான்.) அதற்கு முன் எல்லாம் சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பும் மணலும் சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் புளிக்க வைத்த சாந்து. வசதியானவர்கள் வீட்டில் கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் கலந்து, கல்லால் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கினார்கள். மேல்தளம் தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலைச் செங்குத்தாகச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்தது. ஓட்டு வீடு என்றால் நாட்டு ஓடு. பிறகு மங்களூர் ஓடு. 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆலை தொடங்கியதிலிருந்து அது தெற்கே எல்லா ஊருக்கும் பரவியது.

இந்தச் சுண்ணாம்புச் சுவருக்குத்தான் இன்று முதல் ஆபத்து வருகிறது, அதுவும் புதுப்பிக்கிறவர் கையால். அந்தக் கால அஸ்திவாரத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையில் உள்ள ஈரம் சுவரில் கொஞ்சம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும், வெயிலில் காய்ந்துவிடும். வீடு நூறு ஆண்டு நின்ற கணக்கு இது. வாங்கினவர் வந்து, உதிரும் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசி, அதன் மேல் பளபளப்பான பெயின்ட்டும் அடிக்கிறார். ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. அது இன்னும் மேலே ஏறுகிறது. உப்பு வெள்ளையாகப் பூக்கிறது, உள்ளே செங்கல் மாவாகிறது. இரண்டு மழைக்காலத்தில் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிகிறபோது “பழைய சுவர் சார், அவ்வளவுதான்” என்று கொத்தனார் இடிக்கச் சொல்கிறார். பாவம், சுவர் என்ன செய்யும்? பழைய பூச்சு உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்பையே பூசச் சொல்லுங்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்றும் காரைக்குடிப் பக்கம் இருக்கிறார்கள். தேட வேண்டும், கூலியும் கூடுதல்.

இரண்டாவது ஆபத்து தலைக்கு மேலே. ஓட்டுக்கூரையைப் பிரித்துவிட்டு அதே சுவர் மேல் கான்கிரீட் தளம் போடுவது. செம்மண் சாந்தில் கட்டிய சுவர் ஓட்டையும் கைமரத்தையும் தாங்கக் கட்டியது. கான்கிரீட்டின் எடை வேறு. இதில் அனுபவமுள்ள பொறியாளரின் எழுத்துப்பூர்வமான கருத்து இல்லாமல் ஒரு மூட்டை சிமென்ட்கூட இறக்காதீர்கள். தேக்கு உத்திரத்தை நடுவில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். அது சுவருக்குள் போகும் முனையைப் பாருங்கள். ஈரமும் கறையானும் சேருகிற இடம் அது. ஒரு சிறு கத்தி நுனியால் குத்தினால் தெரியும்: நல்ல தேக்கு எதிர்க்கும், கெட்டது உள்ளே வாங்கும். முனை மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டி ஒட்டுப் போடவும் தச்சர் இருக்கிறார். முழு உத்திரத்தையும் கழிக்க வேண்டியதில்லை.

உத்திரம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். நம் மாவட்டத்தின் தெற்குப் பகுதியும் சிவகங்கை மாவட்டமும் சேர்ந்ததுதான் செட்டிநாடு. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் போட்டுக் கட்டிய அந்த வீடுகள், 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்த பிறகு, வரும்படி நின்றுபோய்ப் பராமரிக்க ஆளில்லாமல் போயின. ஒரு வீட்டுக்கு நாற்பது, ஐம்பது பங்காளிகள். இன்று பல வீடுகள் வீடாக விலைபோவதில்லை. தூணாக, நிலையாக, கதவாக, காரைக்குடிக் கடைகளில் தனித்தனியே விலைபோகின்றன. மறுபக்கம், கொத்தமங்கலத்தில் 1910இல் கட்டிய சாரதா விலாஸை பெர்னார் திராகோன், மிஷேல் அத்மான் என்ற இரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் பழைய முறையிலேயே புதுப்பித்துத் தங்கும் விடுதியாக்கினார்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறின. விடுதி நடத்துகிறவருக்குக் கட்டுப்படியாகும் செலவு நமக்கு ஆகாது, உண்மைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்குக் காட்டப்படும் வீட்டில் நிலைக்கதவு ஒன்றோ இரண்டு தூணோ அண்மையில் பிடுங்கப்பட்டு, அந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்திருந்தால், பங்காளிகளுக்குள் விற்பனை ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள்.

அங்கிருந்துதான் பத்திரத்துக்கு வருகிறேன். வங்கியில் தாய்ப்பத்திரங்களைப் புரட்டியே காலம் கழிந்ததால் இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். சித்தன்னவாசல் விதானத்தைப் போலவே இந்த வட்டாரப் பத்திரங்களிலும் அடுக்குகள் உண்டு. மிகப் பழையது புதுக்கோட்டை சமஸ்தானத்து முத்திரைத்தாளில் இருக்கும். 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததால் அடுத்த பத்திரம் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்று பேசும். 1974 ஜனவரி 14க்குப் பிந்தியது புதுக்கோட்டை மாவட்டம் என்று பேசும். மூன்றும் ஒரே வீடுதானா என்பதை நான்கு எல்லைகளையும் அளவுகளையும் வைத்து ஒப்பிட வேண்டும். இணையத்தில் வில்லங்கம் ஒரு குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுக் கையெழுத்துப் புத்தகத்தில் தேட வேண்டும். சோம்பலில் இதை விடுகிறவர்கள்தான் அதிகம்.

பூர்வீக வீடு என்றால் பெண் வாரிசுகளை விசாரியுங்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதற்கு முன் திருமணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்குரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதத்தையும் நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. “தங்கச்சிக்குச் சீர் செஞ்சாச்சு சார், அது வராது” என்று அண்ணன்மார் சொல்வதைக் கேட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் தங்கை கையெழுத்துப் போடட்டும். அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தை வக்கீல் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். பழைய பாகப்பிரிவினை இருந்தால் அதன் தேதியும் பதிவும் முக்கியம்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் வீட்டைச் சித்திரை வெயிலில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஐப்பசியில், நாலு நாள் அடைமழைக்குப் பிறகு, பகல் வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது, எந்தச் சுவர் எத்தனை அடி வரை நனைந்திருக்கிறது, உத்திர முனை எங்கே கறுத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் சித்தன்னவாசலில் இறங்கி அந்த விதானத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.