பாட்டாளியின் கடிகாரமும் ஜனதாவும்

'லா ப்ரொலேத்தேர்'. பிரெஞ்சு படித்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருள் தெரியும்: பாட்டாளி. பிரெஞ்சில் கடிகாரம் பெண்பால் ஆகையால் முன்னால் 'லா' வந்து நிற்கிறது. (எங்கள் பள்ளியில் இந்த ஆண்பால், பெண்பாலுக்காக வாங்கிய அடிகள் தனிக் கட்டுரைக்கு ஆகும்.) மலிவு விலைக் கடிகாரத்தின் சரித்திரம் ஏறக்குறைய இந்தப் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது.

பெயர் வைத்தவர் ஜார்ஜ் பிரெடெரிக் ரோஸ்கோப். 1813-இல் ஜெர்மனியில் பிறந்து, சுவிட்சர்லாந்தின் லா ஷோ தெ ஃபோன் நகரத்துக்குப் போய்த் தொழில் செய்தவர். நல்ல கடிகாரம் அன்று கனவான்களின் சட்டைப்பையில் மட்டுமே இருந்தது. தொழிலாளி ஒரு வாரக் கூலியில் வாங்கக்கூடிய, 20 பிராங்க் விலையில் ஒரு கடிகாரம் செய்வேன் என்று கிளம்பினார். 1867-இல் செய்தும் காட்டினார். சாதாரணக் கடிகாரத்தில் நூற்றைம்பதுக்கும் மேல் உறுப்புகள், இவருடையதில் 57. நடுச் சக்கரத்தையே எடுத்துவிட்டு, ஸ்பிரிங் பெட்டியைப் பெரிதாக்கினார். மாணிக்கக் கல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எஃகு ஊசிகளை நட்டார். ஊர்க் கைவினைஞர்கள் பலர், தங்கள் பிழைப்பு போய்விடும் என்று, செய்து தர மறுத்தார்கள். அவர் உறுப்புகளை வெளியூர்களில் செய்வித்து வாங்கினார். பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதற்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

ரோஸ்கோப் செய்த கடிகாரம் நல்ல கடிகாரம். பின்னால் வந்தவர்கள் அவர் பெயரை மட்டும் டயலில் போட்டுக்கொண்டு, இன்னும் மலிவாக, எப்படியோ செய்து கோடிக்கணக்கில் விற்றார்கள். கல் இல்லாத இடத்தில் எஃகு தேய்கிறது. தேய்ந்தபின் ஆயுசு முடிந்தது. ரிப்பேர்காரர்கள் அவற்றைக் கையில் வாங்கவே தயங்கியதற்குக் காரணம் அதுதான்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது அறுபது வயதுக்குப் பிறகு, ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய நாட்களில். ஆனால் மலிவுக் கடிகாரம் என்றால் என்ன என்று புரிந்தது ஒரு ஜனதாவைத் திறந்து பார்த்தபோது.

நம் வயதுக்காரர்களுக்கு எச்.எம்.டி.யை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில் உதவியுடன் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை ஏற்பட்டது. மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி., ஓய்வு பெறுகிறவருக்கு எச்.எம்.டி., பரீட்சையில் தேறினால் எச்.எம்.டி. பணம் இருந்தும் கிடைக்காமல், பதிந்து வைத்துக் காத்திருந்தவர்கள் உண்டு. அதில் ஜனதா எளியவருக்கான சாவி வாட்ச். பாட்டாளி என்ற பெயரும் ஜனதா என்ற பெயரும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள்.

ஆனால் உள்ளே இரண்டும் வேறு. ஜனதாவில் எதையும் பிடுங்கி எடுத்து விலையைக் குறைக்கவில்லை. முழுதாகப் பதினேழு கல். பொதுவாகப் பதினேழு என்றால் கணக்கு இது: நான்கு சக்கரங்களுக்கும் 'பாலெட்' என்ற கவைக்கும் மேலும் கீழும் பத்து, கவையின் நுனிகளில் இரண்டு, பேலன்ஸ் சக்கரத்துக்கு நான்கு, அதைத் தட்டிவிட ஒன்று. கீழே விழுந்தால் அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் வேறு. டயலில் 'பாராஷாக்' என்று எழுதியிருப்பது அதைத்தான். ஒரே அச்சில் ஏராளமாகச் செய்ததால்தான் விலை குறைந்தது. ஆகையால் ஒரு ஜனதாவின் சக்கரம் இன்னொரு ஜனதாவில் அப்படியே உட்காரும். என்னைப் போன்ற கற்றுக்குட்டி எழுபது வயதில் இந்தத் தொழிலைத் தொட முடிந்தது இந்த ஒரு காரணத்தால்தான்.

கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஊர் மார்க்கெட் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பாய். முதல் நாள் சொன்ன முதல் பாடம்: "சார், எதைத் தொடுறதுக்கும் முந்தி சாவியை இறக்குங்க." முறுக்கோடு கவையைக் கழற்றினால் சக்கரங்கள் கட்டவிழ்ந்து சுற்றிப் பல் உடைந்துவிடும். அடுத்தது எண்ணெய். ஊசி முனையில் நிற்கிற அளவு போதும். கவையின் அச்சுக்கு அதுவும் கூடாது. முப்பத்தைந்து வருஷம் கோப்பு புரட்டிய கைக்கு இந்த நிதானம் புதிதல்ல. எண்ணெய் மட்டும் புதிது.

குவார்ட்ஸ் வந்தபின் கதை மாறியது. 1984-இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொண்டுவந்தது. மணி தவறாது, சாவி வேண்டாம். மலிவான குவார்ட்ஸ் பழுதானால் உள்ளே இருக்கும் மிஷினையே முழுதாக மாற்றிவிடுவது லாபம். பாய்க்கு மிஞ்சியது பாட்டரி மாற்றுவதும் வார் மாற்றுவதும். 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதற்குப் பிறகு, வேடிக்கையாக, ஜனதாவைத் தேடி இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள்.

தேடல் வந்ததும் வியாபாரமும் வந்தது. பழைய டயலைச் சுரண்டி, சிவப்பும் ஆரஞ்சும் பச்சையுமாகப் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். டயலோ முள்ளோ மாற்றுவது எனக்குத் தவறாகப் படவில்லை; நானே செய்கிறேன். டயலின் பின்னால் உள்ள இரண்டு கால்களும் மிஷினின் துளைகளில் பொருந்திவிட்டால் வேலை எளிது. மாற்றியதை மாற்றியது என்று சொல்லி விற்காததுதான் தவறு.

போன வருஷம் பெரியப்பா வீட்டு அண்ணி, காலமான அண்ணனின் ஜனதாவைக் கொண்டுவந்தார்கள். "தம்பி, பேரன் கட்டிக்கணும்னு ஆசைப்படுறான். டயலைப் புதுசா போட்டுக் குடுங்க." வியர்வை இறங்கி டயலின் ஆறு மணிப் பக்கம் காப்பிக் கறை போல் பழுத்திருந்தது. மிஷினைப் பெட்ரோலில் கழுவி, எண்ணெய் வைத்து, மேலே புதுக் கண்ணாடி போட்டு ஓட்டினேன். டயலுக்கு வந்ததும் கை போகவில்லை. இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. பாயிடம் கேட்டேன். "கட்டப்போறது யாரு சார், நீங்களா?" என்றார். புது டயலை மாட்டினேன். பழையதை ஒரு கவரில் போட்டு, மேலே அண்ணன் பெயரை எழுதி, அண்ணியிடம் கொடுத்தேன். அவர்கள் வாட்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது போல முதலில் கவரைத்தான் பிரித்தார்கள்.

பாய்க்குக் கண் புரை. பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. கடையில் நாற்பது வருஷத்து உதிரி உறுப்புகள் தகர டப்பாக்களில் இருக்கின்றன. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் இரண்டு டப்பா வாங்கி, சக்கரம் வேறு, திருகு வேறு என்று பிரித்து வருகிறேன். இன்னும் ஐந்து டப்பா மிச்சம். கற்றுக்கொள்ள விருப்பமுள்ளவர்கள் யாராவது இருந்தால், வயது ஒரு தடையில்லை, மாலை நான்கு மணிக்கு மேல் பாய் கடையில்தான் இருப்பேன்.