சபையின் நடுவிலிருந்து செவியின் ஓரத்துக்கு: கிறித்தவத்தில் பாவமன்னிப்பு நடந்து வந்த வழி

எகிப்தில் கிடைத்த பப்பைரசுத் தாள் ஒன்றில் ஆரேலியுஸ் டயோஜெனஸ் என்பவரின் விண்ணப்பம் இருக்கிறது. ஊர், அலெக்சாந்தர் தீவு என்னும் கிராமம். வயது 72. அங்க அடையாளம், வலப் புருவத்தில் ஒரு தழும்பு. தான் எந்நாளும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவர் என்றும், இப்போது ஆணைப்படி அதிகாரிகள் முன்னிலையில் பலியிட்டு, பானம் வார்த்து, படையலையும் உண்டுவிட்டதாகவும் சொல்லி, அதற்குச் சான்றொப்பம் கேட்கிறார். காலம் கி.பி. 250 ஜூன். இத்தகைய சீட்டுகள் 40-க்கு மேல் கிடைத்திருக்கின்றன.

பேரரசர் டேசியுஸின் ஆணை எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவானது. ஆகையால் டயோஜெனஸ் கிறித்தவர் என்று சொல்ல முடியாது. ஆனால் இதே போன்ற சீட்டைக் கையில் வைத்திருந்த கிறித்தவர்கள் பேரரசு முழுவதும் இருந்தார்கள். சிலர் மெய்யாகவே பலியிட்டார்கள். சிலர் பலியிடாமல், கையூட்டுக் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கினார்கள். அடக்குமுறை ஓய்ந்ததும் அவர்கள் கோவில் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே விடுவதா, வேண்டாமா? விடுவதென்றால் யார் சொல்லி?

பாவம், மனந்திரும்புதல், மன்னிப்பு ஆகியவை பற்றிக் கிறித்தவப் பிரிவுகளுக்கு இடையே உள்ள வேறுபாடுகளை, கடவுள் மன்னிப்பாரா என்ற கேள்வியைச் சுற்றியே விளக்குவது வழக்கம். அது போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். கடவுளால் மன்னிக்க முடியும் என்பதில் பெரும்பாலும் யாரும் ஐயம் கொண்டதில்லை. தவறியவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் உரிமை யாருடையது, அந்த மன்னிப்பு நடக்கும் இடம் எது என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையின் போக்கில், முதலில் நடுவில் இருந்த ஒரு தரப்பு மெல்ல மெல்லக் காணாமற்போனது. அது, கூடியிருந்த சபை.

திருமுழுக்கு எல்லாப் பாவங்களையும் கழுவிவிடும் என்பது தொடக்ககால நம்பிக்கை. பிறகு செய்த பாவத்துக்கு என்ன வழி? எபிரேயர் திருமுகத்தின் ஆறாம் அதிகாரம், ஒளிபெற்றபின் விலகிப்போனவர்களை மீண்டும் புதுப்பிக்க இயலாது என்ற பொருளில் கடுமையாகப் பேசுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுந்த 'எர்மாவின் மேய்ப்பர்' ஒரு கதவைத் திறந்தது: திருமுழுக்குக்குப் பின் ஒரு முறை, ஒரே முறை. கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன் இதைக் கப்பல் உடைந்தபின் கைக்குக் கிடைக்கும் இரண்டாவது பலகை என்றார். கோணியுடுத்து, சாம்பலில் கிடந்து, நோன்பிருந்து, மூப்பர்களின் காலில் விழுந்து, உடன்பிறந்தோர் அனைவரையும் தனக்காக மன்றாடும்படி கேட்பதே அந்த முறை. பிற்காலத்தில் கடும் ஒழுக்கம் பேசிய மொந்தானியர் பக்கம் சாய்ந்த அவரே, விபச்சாரத்தை ஓர் ஆயர் மன்னிப்பதா என்று சீறினார். ஒரே மனிதர் வாழ்நாளுக்குள் இரு கரைகளிலும் நின்றிருக்கிறார்.

டேசியுஸுக்குப் பின் எழுந்த சிக்கல் இந்தப் பிளவை வெட்டவெளிக்குக் கொண்டுவந்தது. சிறையில் சித்திரவதை பட்டும் விசுவாசத்தை விடாதவர்களை மக்கள் தலைமேல் வைத்துப் போற்றினார்கள். அவர்கள், தவறியவர்களுக்குச் சமாதானச் சீட்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். சில சீட்டுகளில் இன்னாரும் அவரைச் சேர்ந்தோரும் என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்ததால், ஒரே சீட்டைக் காட்டி இருபது முப்பது பேர் உள்ளே நுழையப் பார்க்கிறார்கள் என்று கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் வருந்தினார். அவருடைய நிலையும் தர்மசங்கடமானது: அடக்குமுறையின்போது தலைமறைவாக இருந்தவர் அவர். 251-இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் நடுவழி கண்டது. சீட்டு மட்டும் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்க்கலாம். பலியிட்டவர்கள் வாழ்நாளெல்லாம் தவமிருந்து, சாகும் தறுவாயில் சமாதானம் பெறலாம். இரண்டே ஆண்டுகளுக்குள் இன்னோர் அடக்குமுறை வரும் அறிகுறி தெரிந்ததும், தவத்தில் இருந்த அனைவரையும் சேர்த்துக்கொண்டார்கள். போருக்குப் போகிறவனை நிராயுதபாணியாக அனுப்பக் கூடாது என்பது காரணம்.

உரோமையில் நொவாசியன் என்னும் குரு இதை ஏற்கவில்லை. அவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவருடைய வாதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். மறுதலித்தவன் அழட்டும், தவம் செய்யட்டும், கடவுள் அவனை மன்னிக்கவும் கூடும். ஆனால் அந்த மன்னிப்பை முன்கூட்டியே அறிவிக்கச் சபைக்கு அதிகாரம் இல்லை என்பதே அவர் பக்கம். தூயோர் என்று தங்களை அழைத்துக்கொண்ட அவருடைய வழியினரைச் சேர்த்துக்கொள்ள 325-இல் நீசேயா சங்கம் தனி விதி வகுத்தது. அதே சங்கம், கட்டாயம் ஏதுமின்றி விழுந்தவர்களுக்கு மூன்று ஆண்டு கேட்போராகவும், ஏழு ஆண்டு தாழ்ந்து பணிவோராகவும், இரண்டு ஆண்டு நற்கருணையின்றி மன்றாட்டில் மட்டும் சேர்வோராகவும் நிற்கும்படி விதித்தது. மொத்தம் 12 ஆண்டு. ஆனால் சாகக் கிடப்பவருக்குக் கடைசி வழியுணவை மறுக்கக் கூடாது என்று அது சொன்னதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தக் கடுமைக்குள் இருந்த ஒரு மென்மையை வரலாற்றாசிரியர் சொசோமென் காட்டுகிறார். அவர் விவரிக்கும் உரோமைக் கோவிலில் தவம் செய்வோருக்குத் தனி இடம். இழவு வீட்டில் நிற்பவர்களைப் போலத் தலைகுனிந்து நிற்கிறார்கள். வழிபாடு முடிகிறது, நற்கருணையில் பங்கில்லாத அவர்கள் அழுதபடி தரையில் விழுகிறார்கள். ஆயர் எதிரே ஓடிவந்து, கண்ணீரோடு தானும் தரையில் விழுகிறார். கூடியிருந்த சபை முழுவதும் ஓவென்று அழுகிறது. ஆயர் முதலில் எழுந்து, விழுந்து கிடப்பவர்களைத் தூக்கி நிறுத்துகிறார். பதினாறு நூற்றாண்டு கழித்துப் படிக்கும்போதும் நெஞ்சை அசைக்கும் காட்சி இது. அங்கே பாவி தனியாக அழவில்லை.

ஆனால் ஒரே முறைதான் என்ற விதி அந்த ஏற்பாட்டை உள்ளிருந்தே அரித்தது. இளமையில் அதைச் செலவழித்துவிட்டால் முதுமையில் என்ன செய்வது? தவம் முடிந்த பிறகும் பல கட்டுப்பாடுகள் சாகும்வரை தொடர்ந்தன. எனவே மக்கள் தவத்தைத் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் அது மரணப் படுக்கையின் சடங்காகச் சுருங்கியது. 459-இல் திருத்தந்தை முதலாம் லியோ, பாவங்களைத் தாளில் எழுதிச் சபை முன் படிக்கச் செய்யும் வழக்கத்தைக் கண்டித்தார். குருவிடம் இரகசியமாகச் சொன்னால் போதும் என்றார். அவமானத்திலிருந்து மக்களைக் காக்க எடுத்த அந்த முடிவு நியாயமானது. ஆயினும் சபை பின்வாங்கத் தொடங்கியது அங்கிருந்துதான்.

அயர்லாந்துத் துறவிகளின் கணக்கு

மாற்று வழி பேரரசின் விளிம்பிலிருந்து வந்தது. அயர்லாந்துத் துறவு மடங்களில் ஒவ்வொருவருக்கும் ஆன்மத் தோழர் ஒருவர் உண்டு. அவரிடம் எத்தனை முறையும் சொல்லலாம். இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் அப்பமும் தண்ணீரும் என்று பட்டியலிட்ட தவ ஏடுகள் எழுந்தன. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் கொலும்பானுஸ் இந்த முறையைக் கடல் கடந்து கால் நாட்டுக்குக் கொண்டு சென்றார். 589-இல் மூன்றாம் தொலேதோ சங்கம், பாவம் செய்யும்போதெல்லாம் குருவிடம் மன்னிப்புக் கேட்பதை அருவருப்பான துணிச்சல் என்று கண்டித்தது. 829-இல் பாரிஸ் சங்கம் ஏடுகளை எரிக்கவே சொன்னது. எதுவும் பலிக்கவில்லை, மக்களுக்கு அது தேவைப்பட்டது.

இந்த ஏடுகளை விலைப்பட்டியல் என்று இகழும் ஆய்வாளர்கள் பலர். நான் அவ்வளவு எளிதாக அதை ஏற்க மாட்டேன். கொலும்பானுஸின் ஏட்டில், ஒருவனைக் கொன்ற குருநிலையினர் பத்து ஆண்டு நாடு கடந்து வாழ வேண்டும். திரும்பி வந்தபின் செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது: கொல்லப்பட்டவனின் தாய் தந்தையிடம் சென்று, அவர்களுக்கு மகனாக நின்று, அவர்கள் சொல்வதைச் செய்ய வேண்டும். நோன்பு கடவுளுக்கு; இது பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு. பிற்கால இறையியல் நூல்கள் பலவற்றில் இந்த இரண்டாம் பாதியைத் தேட வேண்டியிருக்கிறது.

1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம், பகுத்தறியும் வயது வந்த ஆண் பெண் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று விதித்தது. குரு காயத்தில் திராட்சை மதுவும் எண்ணெயும் வார்க்கும் மருத்துவர்போல இருக்க வேண்டும். கேட்டதை வெளியிட்டால் பதவி பறிபோய், சாகும்வரை மடத்தில் தவமிருக்க நேரும். மன்னிப்பு இப்போது இரண்டு பேருக்கு இடையே நடக்கும் காரியமாகிவிட்டது. உள்ளத்தின் நோக்கமே பாவத்தின் அளவுகோல் என்று இறையியலர் அபெலார்து முந்திய நூற்றாண்டிலேயே வாதிட்டிருந்தார். கடவுள்மேல் உள்ள அன்பால் வரும் உத்தம மனஸ்தாபம் வேண்டுமா, நரக அச்சத்தால் வரும் குறைந்த மனஸ்தாபமே போதுமா என்ற விவாதம் அதன் தொடர்ச்சி.

ஒரு சொல்லின் பொருள்

1516-இல் அறிஞர் எராஸ்முஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை விளக்கக் குறிப்புகளோடு அச்சிட்டார். இயேசுவும் திருமுழுக்கு யோவானும் விடுக்கும் முதல் அழைப்பு, கிரேக்கத்தில் மெட்டனோயா என்ற சொல்லிலிருந்து வருவது. இலத்தீன் விவிலியம் அதைத் தவம் செய்யுங்கள் என்ற பொருளில் தந்திருந்தது. பல நூற்றாண்டுகளாக மக்கள் அதைக் குரு விதிக்கும் அபராதம் என்றே கேட்டுப் பழகியிருந்தார்கள். சொல்லின் பொருள் அறிவு தெளிந்து திரும்புவதே என்று எராஸ்முஸ் காட்டினார். இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அதற்கு முன்பே இதைச் சொல்லியிருந்தார்.

மறு ஆண்டு, பேதுரு பேராலயப் பணிக்கென ஜெர்மனியில் பாவத் தண்டனையைக் குறைக்கும் ஞானப்பலன் சீட்டுகளைத் தெட்செல் என்னும் துறவி விற்றுக்கொண்டிருந்தபோது, மார்ட்டின் லூத்தர் 95 வாதங்களை எழுதினார். முதல் வாதமே அந்தச் சொல்லைப் பற்றியது: விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும். 1518-இல் தம் ஞானத் தந்தை ஸ்டவ்பிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், முன்பு தமக்கு மிகக் கசப்பாக இருந்த சொல் இனிதாக மாறியது எப்படி என்று அவர் விவரிக்கிறார்.

லூத்தர் பாவசங்கீர்த்தனத்தை ஒழித்தார் என்று நம் ஊரில் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சொல்வதுண்டு. அது பிழை. 1522-இல் விட்டன்பர்க் பிரசங்கத்தில், உலகச் செல்வம் அனைத்தையும் தந்தாலும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற அளவுக்கு அவர் பேசினார். 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் தனி மன்னிப்பைச் சபைகளில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது; எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்லும் கட்டாயத்தை மட்டுமே நீக்குகிறது. அதற்கு நேர் எதிராக, 1551-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் சாவான பாவங்களை வகை, எண்ணிக்கை, சூழலோடு சொல்ல வேண்டியது இறைச்சட்டம் என்றது. குருவின் பாவமன்னிப்பு நீதிபதியின் தீர்ப்புக்கு நிகரானது என்றது. பிறகு மிலான் பேராயர் சார்லஸ் பொரோமேயோ, நடுவே கம்பித்தட்டி வைத்த பாவசங்கீர்த்தனத் தொட்டியைக் கோவில்களில் அமைக்கச் செய்தார்.

சீர்திருத்த சபைகள் வேறு வழியில் போயின. 1552-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது ஜெப நூல், காலை ஜெபத்தின் தொடக்கத்தில் அனைவரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையை வைத்தது. எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிட்டேரியன் கோவில்களில் குற்றவாளியை ஞாயிறுதோறும் மனந்திரும்புதல் முக்காலியில் உட்காரவைத்தார்கள். அங்கே சபை மீண்டும் வந்தது, ஆனால் பார்வையாளராக. சொசோமென் காட்டிய ஆயர் தரையில் விழுந்தார். இங்கே யாரும் விழவில்லை.

கிழக்குச் சபைகளின் பாதை தனி. 391-இல் கொன்ஸ்தாந்திநோபிளில் ஒரு திருத்தொண்டரைச் சுற்றி எழுந்த இழுக்கால், தவத்துக்கென இருந்த குருவின் பதவியையே ஆயர் நெக்டாரியுஸ் நீக்கினார். பாவம் பற்றிய அடிப்படையும் வேறு. உரோமையர் திருமுகத்தின் 5:12-ஐ அகுஸ்தீன் இலத்தீனில், ஆதாமுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று படித்தார்; கிரேக்கர்கள் அதை, எல்லாரும் பாவம் செய்ததால் என்று படித்தார்கள். ஆகவே பிறப்போடு வருவது ஆதாமின் குற்றமன்று, சாவும் நோயுமே என்பது அவர்கள் நிலை. இன்றும் ஆர்த்தடாக்ஸ் கோவிலில் பாவி கிறிஸ்துவின் படத்தின் முன் நிற்கிறார். குரு பக்கத்தில் சாட்சியாக நிற்கிறார்.

முத்துக்குளித்துறையில்

பாவங்களை எண்ணிச் சொல்லும் திரெந்து சங்கத்தின் முறை முப்பதே ஆண்டுகளில் தமிழில் அச்சேறியது. முத்துக்குளித்துறையில் பணியாற்றி, மொழிபெயர்ப்பாளர் இன்றித் தமிழிலேயே பாவசங்கீர்த்தனம் கேட்கப் பழகிய இயேசு சபைக் குரு அன்றிக்கே அன்றிக்கஸ், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளியிட்டார். 1580-இல் கொச்சியில் 'கொம்பெசியொனாயரு' என்னும் பாவசங்கீர்த்தனக் கையேடு வந்தது. தமிழில் முதன்முதல் அச்சான சில நூல்களில் ஒன்று, குற்றத்தை எப்படிச் சொல்வது என்று கற்பிப்பது.

அந்த மரபில் நிலைத்த சொற்கள் ஆய்வாளர் கண்ணுக்கு விருந்து. பச்சாத்தாபம் என்பது செய்த பின் எழும் வெப்பம். சங்கீர்த்தனம் என்பது உரக்கப் புகழ்ந்து பாடுவதற்குரிய சொல். அது காதோரம் கிசுகிசுக்கும் செயலுக்குப் பெயரானது. மனஸ்தாபம் என்பது கத்தோலிக்க வீடுகளின் இரவு ஜெபத்தில் கடவுளிடம் சொல்லும் மனவருத்தம். தெருவிலோ, இரண்டு பங்காளிகள் பேச்சை நிறுத்திக்கொண்டால் அவர்களுக்குள் மனஸ்தாபம் என்கிறோம். சீர்திருத்த சபையார் மனந்திரும்புதல் என்பதை எடுத்துக்கொண்டார்கள். அது எராஸ்முஸ் தேடிய பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. கத்தோலிக்கர்களும் இன்று மனமாற்றம் என்றே சொல்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1973-இல் வெளியான புதிய சடங்கு முறை, பாவி கடவுளோடு மட்டுமன்றித் திருச்சபையோடும் ஒப்புரவாகிறார் என்பதை முன்னிறுத்தியது. ஒப்புரவு அருட்சாதனம் என்று தமிழில் வழங்கும் பெயர், காணாமற்போன அந்தத் தரப்பை மீண்டும் உள்ளே அழைக்கிறது.

அதற்கும் முன்பே தென்னிந்தியாவில் ஒன்று நடந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைச் சேர்த்து 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950-இல் தன் திருவிருந்து ஆராதனை முறையை வெளியிட்டது. சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை சீர்திருத்த மரபிலிருந்து வந்தது. அதன் பின், காணிக்கை படைக்கும் முன், கேரளச் சுரியானிச் சபைகள் காத்து வந்த சமாதானம் கொடுத்தலை அதில் சேர்த்தார்கள். குரு தம் உள்ளங்கைகளுக்கு நடுவே அருகில் இருப்பவரின் கையை வாங்குகிறார். அவர் திரும்பி அடுத்தவரின் கையை வாங்குகிறார். வரிசை வரிசையாக அது பின்னால் நகர்ந்து, பேச்சை நிறுத்திக்கொண்ட இருவர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர்களிடமும் வந்து சேர்கிறது.